குறத்தி சொன்ன பூகோளம்

1620-ஆம் ஆண்டின் இறுதியில், தஞ்சையை ஆண்டுவந்த இரகுநாத நாயக்கர், டென்மார்க் தேசத்து மன்னனாகிய நான்காம் கிறிஸ்டியனுக்கு, ஓலை வடிவில் தட்டிய பொன் தகட்டிலே தமிழில் ஒரு திருமுகம் பொறித்து அனுப்பினார். அத்திருமுகம் இன்றும் கோபன்ஹேகன் நகரத்து அரசாங்க ஆவணச் சாலையில் பேணப்பட்டு வருகிறது. ஓவே யெட்டே என்னும் டேனியக் கடற்படைத் தலைவன் கடல் கடந்து வந்து, தரங்கம்பாடி என்னும் சிறு கடற்கரை ஊரிலே கோட்டை கட்டிக்கொள்ளவும் வாணிகம் செய்யவும் நாயக்கரிடம் அனுமதி பெற்றதை ஒட்டி எழுந்த நேச ஓலை அது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலுக்கு அண்மையில், கடல் அலை வந்து மோதும் இடத்திலே, டான்ஸ்போர்க் என்னும் கோட்டை அவ்வாண்டிலேயே எழும்பத் தொடங்கியது.

இரண்டு சமுதாயங்கள் ஒன்றையொன்று சந்தித்தால் இரண்டின் உலக நோக்கும் மாறிவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தரங்கம்பாடியின் சரித்திரத்தைப் படிப்பவனுக்கு அது அத்தனை எளிய விஷயமாகத் தோன்றாது. கோட்டை எழுந்த நாள் முதல் எண்பத்தாறு ஆண்டுகள் டேனியர் அங்கே மிளகும் துணியும் வாங்கினார்கள். சோழ மண்டலத்துச் செட்டிகளும் மரக்காயர்களும் அவர்களோடு பேரம் பேசினார்கள். துபாஷிகள் கடற்கரை முழுதும் வழங்கிய கொச்சைப் போர்த்துகீசியத்தில் இரு தரத்தாருக்கும் இடையே வார்த்தைகளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். ஆயினும் கோட்டைக்குள் இருந்தவனுடைய மனத்தில் இருந்த உலகமும், கோட்டைக்கு வெளியே இருந்தவனுடைய மனத்தில் இருந்த உலகமும் பெரிதும் இருந்தபடியே இருந்தன. பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்வதற்கு ஒருவன் மற்றொருவனுடைய மனத்துக்குள் நுழைய வேண்டிய அவசியம் இல்லை. விலை படிந்தால் போதும்.

அந்த இரு உலகங்களும் எப்படிப்பட்டவை என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மவர் உள்ளத்தில் ஏழு தீவுகளும் ஏழு கடல்களும் இருந்தன. நடுவே மேரு நின்றது. உப்புக் கடலுக்கு அப்பால் கருப்பஞ்சாற்றுக் கடலும், அதற்கும் அப்பால் நெய்யும் தயிரும் பாலும் நிறைந்த கடல்களும் அலை வீசின. இதே சமயத்தில், பஞ்சாங்கம் கணித்த ஜோசியர்கள் பூமியை உருண்டை என்றே வைத்துக் கிரகணங்களைக் கணித்து வந்தார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. புராணம் படிக்கும்போது தட்டையாக இருந்த பூமி, கணக்குப் போடும்போது உருண்டையாயிற்று. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு வாழ்வதில் நம் முன்னோருக்கு எவ்வித இடையூறும் நேரவில்லை. ஐரோப்பியனுடைய உலகமோ வேறு விதமானது. மானிட ஜாதியைக் கிறிஸ்தவர், யூதர், முகம்மதியர், அஞ்ஞானிகள் என்று நான்காக வகுத்து, நான்காம் வகுப்பில் சீனனையும் தமிழனையும் காப்பிரியையும் ஒருங்கே போட்டு மூடிவிட்ட பெட்டி அது. அந்தப் பெட்டிக்குள் இலக்கணமும் நீதி நூலும் தர்க்கமும் இருக்கக்கூடும் என்று கருத அவனுக்குக் காரணம் ஏதும் தோன்றவில்லை.

இந்த நிலையில், 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி, ஜெர்மனியின் சாக்ஸனி நாட்டில் புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் பிறந்து, ஹாலே நகரில் பேரறிஞர் பிராங்கேயிடம் பயின்ற பார்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் இளைஞர், டென்மார்க் மன்னன் நான்காம் பிரெடரிக்கின் ஆணையின்படி, ஹென்ரிக் புளுட்சோ என்னும் துணைவரோடு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. அவர் போதிக்க வந்தார். ஆனால் போதிப்பதற்குப் பாஷை வேண்டும். அச்சிட்ட இலக்கணமோ அகராதியோ கைக்குக் கிட்டாமையால், திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய முதிய உபாத்தியாயர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இல்லத்துக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் அகரம் எழுதப் பழகினார். ஐரோப்பாவின் சர்வகலாசாலையில் பயின்ற ஒருவர், வேட்டி கட்டிய ஐந்து வயதுச் சிறுவனுக்குப் பக்கத்தில், அவனைப் போலவே மாணாக்கனாக உட்கார்ந்த அந்த நாளை, எண்பத்தாறு ஆண்டு வாணிகத்தைக் காட்டிலும் பெரிய சம்பவமாகவே நான் கருதுகிறேன்.

பின்பு அவர் ஒரு புலவரையும், எழுத்தர்களையும், போர்த்துகீசியம் அறிந்த அழகப்பன் என்னும் துபாஷியையும் உடன் வைத்துக்கொண்டு, காலை முதல் மாலை வரை தமிழ் நூல்களையே படித்தார். சுவடிகளைத் தேடி ஆட்களை ஊர்தோறும் அனுப்பினார். கற்றவர்கள் இறந்தபின் அவர்களுடைய விதவைகளிடம் கிடந்த ஏடுகளை விலைக்கு வாங்கினார். 1708-இல் தம்மிடம் சேர்ந்த நூல்களுக்கு அவர் ஒரு விவர அட்டவணை எழுதினார். அதில் திருக்குறள் இருக்கிறது, சிவவாக்கியம் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கும் நீதி நூல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றைப் பற்றியும் இன்ன பொருள் கூறுவது, இன்னார் படிப்பது என்று குறித்திருக்கிறார். அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், தாம் முதலில் இந்நாட்டுக்கு வந்தபோது இம்மக்களின் பாஷைக்கு ஒழுங்கான இலக்கணமோ வாழ்வுக்கு முறையான நீதியோ இருக்கும் என்று தம்மால் எண்ணவே முடியவில்லை என்றும், பாஷை அறியாத ஐரோப்பியர்கள் புறத் தோற்றத்தை மாத்திரம் பார்த்து இவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதிவிட்டார்கள் என்றும், நூல்களைப் படித்தபின் தம் அபிப்பிராயம் அடியோடு மாறியது என்றும் அவர் மனம் திறந்து சொல்கிறார். தாய்நாட்டில் தம்மை ஆதரித்த பெரியோர்கள் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட முன்னுரையில், அவர்கள் விரும்பாத உண்மையைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

அதற்காக அவரைச் சமரச ஞானியாக்கிவிடவும் கூடாது. வந்த புதிதில், ஊர்ப்புறக் கோயில் ஒன்றின் முன்னே வரிசையாக நின்ற பதுமைகளைக் கண்டு, அவற்றில் சிலவற்றைக் கீழே தள்ளியும் சிலவற்றின் தலையை உடைத்தும், இவை தம்மைக் காத்துக்கொள்ளவும் சக்தியற்றவை என்று கூடியிருந்தோருக்குக் காட்ட முற்பட்டார். இதை அவரே எழுதியிருக்கிறார். அங்கே வந்த உபாத்தியாயர் ஒருவர் கோபத்தால் நிலை தடுமாறாமல், இவை கடவுளர் அல்ல, கடவுளுக்குக் காவல் நிற்கும் சேவகர்கள் என்று விளக்கினாராம். உடைத்தவர் பிறகு இந்த விஷயத்தை விட்டுவிடவில்லை. ஐயனார் யார், மாரியம்மன் யார், பிடாரிக்கும் அங்காளம்மைக்கும் எந்தெந்தக் காலத்தில் என்னென்ன பூசை நடக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் விசாரித்தார். 1713-இல், தமிழரை மலபாரியர் என்னும் அக்கால ஐரோப்பிய வழக்கின்படி, அவர் எழுதி முடித்த 'மலபார்த் தெய்வங்களின் வமிசாவளி' என்னும் பெரு நூலில் மும்மூர்த்திகளுக்கு உள்ளது போலவே கிராம தேவதைகளுக்கும் தனிப் பகுதி இருக்கிறது. அக்காலத்தில் நம் நாட்டுப் பண்டிதர்களே கிராம தேவதைகளைப் பற்றி ஒரு நூல் எழுதத் துணிந்திருப்பார்களா என்பது சந்தேகம். இத்தனைக்கும் அதே 1713-இல், தமிழ் அச்செழுத்துக்கள் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தவுடன், அவர் தரங்கம்பாடியில் அச்சிட்டு வழங்கிய முதற் சிறு நூல்களில் ஒன்று அக்கியானத்தைக் கண்டிப்பது. கற்றுக்கொள்பவரும் கண்டிப்பவரும் ஒரே மனிதருக்குள் கடைசிவரை இருந்தார்கள். 1719-இல், முப்பத்தாறு வயதில், அவர் மறையும்போதும் அந்த வழக்கு அவருக்குள் முடிந்திருக்கவில்லை என்றே தோன்றுகிறது.

ஆனால் ஒரு மாறுதல் ஆழமாக நிகழ்ந்துவிட்டது. 1711-இல் தமிழர் சமயத்தைப் பற்றி எழுதிய நூலில் அவர் நம்மவரைப் பாகுபடுத்தும் முறையைப் பாருங்கள்: சரியையில் நிற்போர், கிரியையில் நிற்போர், யோகிகள், ஞானிகள். இது சைவ ஆகமங்கள் வகுத்த படிமுறை. நான்காம் பெட்டியில் மொத்தமாகப் போட்டு மூடப்பட்டிருந்த மக்களை, அந்த மக்கள் தம்மைத் தாமே பாகுபடுத்திக்கொண்ட முறையிலேயே அவர் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஒருவனுடைய மனத்தில் புதிய செய்திகள் எத்தனை சேர்ந்தாலும் அவற்றை அடுக்கும் அலமாரி பழையதாகவே இருந்துவிடலாம். இங்கே அலமாரியே மாறியது. சிவவாக்கியரின் பாடல்களைப் படித்துவிட்டு, ஏக தெய்வத்தை உணர்ந்த ஞானிகள் இவர்களுள் உண்டு என்று அவர் எழுதியது இதன் விளைவே. அதைத் தம் பிரசங்கத்துக்கு ஆயுதமாக அவர் பயன்படுத்திக்கொண்டார் என்பதும் உண்மைதான்.

அவரை ஆதரித்த ஹாலே நகரத்துப் பெரியோர்கள் இதை எப்படி ஏற்றார்கள்? அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் மிஷனரிகளை அனுப்பினோமேயன்றி, அஞ்ஞானிகளின் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது பிராங்கேயின் கருத்து. வமிசாவளி நூல் அச்சேறாமல் கிடந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1867-இல், அது சென்னையிலேதான் முதன்முதலாக அச்சாயிற்று. 1711-ஆம் ஆண்டு நூலுக்கு 1926 வரை காத்திருக்க நேர்ந்தது. ஐரோப்பாவில் இந்திய சாஸ்திர ஆராய்ச்சி வங்காளத்தில் வில்லியம் ஜோன்ஸோடு தொடங்கியது என்று எத்தனை புத்தகங்களில் படித்திருக்கிறோம்! அவருக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னே தரங்கம்பாடியில் எழுதி முடிக்கப்பட்ட நூல், பயத்தாலும் சங்கோசத்தாலும் பூட்டிவைக்கப்படாமல் அப்போதே வெளிவந்திருந்தால், தமிழரின் நாடு ஐரோப்பிய அறிவுலகில் பெற்றிருக்கக்கூடிய இடத்தை நினைக்கும்தோறும் மனம் வருந்துகிறது. சந்திப்பு நடந்த இடத்தில் மனம் மாறிவிடலாம். அந்த மாற்றம் கடலைத் தாண்டி ஊர்போய்ச் சேர்வதற்கு, ஊரில் இருக்கும் பெரியவர்களின் சம்மதம் வேண்டியிருக்கிறது.

எனினும் ஒன்று தப்பித்தது. 1712-க்கும் 1714-க்கும் இடையே, சீகன்பால்கும் அவருடைய துணைவர் கிரண்ட்லரும் கற்றறிந்த தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, விடைகளைக் கடிதமாகப் பெற்றார்கள். அவற்றுள் தொண்ணூற்றொன்பது கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, ஹாலே நகரிலிருந்து அவ்வப்போது வெளிவந்த மிஷன் அறிக்கைகளில் அச்சேறின. எங்கள் சமயத்தை ஏன் ஏற்க மறுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நம்மவர்கள் சொன்ன விடைகளில் தயக்கம் இல்லை. உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கலாம். உங்கள் ஆசாரம் எங்களுக்கு அருவருப்பாக இருக்கிறது. பசுவைக் கொன்று தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், வீட்டுக்குள்ளே உமிழ்கிறீர்கள், நீராடுவதில்லை என்னும் பொருள்பட எழுதினார்கள். கடவுள் ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒவ்வொரு மார்க்கத்தைக் கொடுத்திருக்கிறார், அவரவர் மார்க்கத்தில் நின்று அவரவர் கதி பெறலாம் என்று வாதித்தவர்களும் உண்டு. பதிப்பாசிரியர்கள் ஆங்காங்கே மறுப்பும் கண்டனமும் சேர்த்தே இக்கடிதங்களை வெளியிட்டார்கள். ஆனாலும் ஜெர்மானிய வாசகன், தன் குளிர் நாட்டு வீட்டில் அடுப்போரம் அமர்ந்து, தன்னைப் பற்றி ஓர் அந்நியன் நிதானமாகச் சொல்லும் நியாயத்தைப் படித்தான். ஒரு சமுதாயம் மற்றொன்றைப் பார்ப்பது எளிது; மற்றொன்றின் கண்ணில் தான் எப்படித் தோன்றுகிறோம் என்பதைப் படித்துப் பார்ப்பதுதான் அரிது.

கடிதங்கள் வாதத்தைக் கொண்டுபோயின. வாதத்தால் மனம் மாறியவர்கள் இரு பக்கத்திலும் சிலரே. சத்தமின்றி அதிக தூரம் சென்றவை கணக்கும் மீனும்.

1725 முதல் 1739 வரை தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்தோப் தியோடோசியுஸ் வால்தர் என்னும் மிஷனரி, நம்மவர் காலத்தை அளக்கும் முறையை நாழிகை, வாரம், நட்சத்திரம், திதி, மாதம், அறுபதாண்டு வட்டம் என்று முறைப்படி கற்று, அதை ருஷ்ய நாட்டில் பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் பண்டிதர் பாயருக்கு அனுப்பினார். 1738-இல் பாயர் வெளியிட்ட நூலில் அது இடம் பெற்றது. அந்நூலின் அனுபந்தமாக, இந்தியருடைய சூரிய வருஷத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதிச் சேர்த்தவர், கணித உலகின் சக்கரவர்த்தி என்று சொல்லத்தக்க லியோனார்டு ஆய்லர். தரங்கம்பாடியில் பஞ்சாங்கம் கணித்த பெயர் தெரியாத ஒரு ஜோசியருடைய கணக்கு, பனி உறைந்த நேவா நதிக்கரையில் அமர்ந்திருந்த அம்மேதையின் மேஜைக்குச் சென்று சேர்ந்தது. ஐரோப்பிய நூல்களுக்குப் புறம்பாகவும் சூரியனின் ஓட்டத்தைத் துல்லியமாக அளந்த ஒரு ஜனசமூகம் உண்டு என்பதை அங்கே மறுக்க யாராலும் முடியவில்லை. கணக்குச் சரியாக இருந்தது.

இதற்குப் பின், சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காகப் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த லெ ழாந்தி என்னும் வானநூலார் புதுச்சேரியில் கண்ட அதிசயத்தையும் சொல்ல வேண்டும். 1761-இல் அவர் கடலிலேயே அகப்பட்டுக்கொண்டார்; 1769-இல் புதுச்சேரி வானத்தை மேகம் மறைத்துவிட்டது. வந்த காரியம் இருமுறையும் கெட்ட அந்த மனிதர், தமிழர் ஒருவரிடம் அமர்ந்து, சோழிகளைத் தரையில் வைத்தும் நகர்த்தியும், மனப்பாடமான வாய்பாட்டு வாக்கியங்களைச் சொல்லியும் சந்திர கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் தேதிக் கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவில் அக்காலத்துச் சிறந்தவை என்று போற்றப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணைகளோ 68 விநாடி மிகுந்தன. இதை எழுதி வெளியிட்டவர் பிரெஞ்சு அறிஞரே. அந்தத் தமிழர் கிரகணத்தின் காரணத்தை எப்படி விளங்கிக்கொண்டிருந்தார், இராகுவையும் கேதுவையும் எந்த அளவுக்கு நம்பினார் என்பதெல்லாம் வேறு விஷயம். உலகத்தைப் பற்றிய கதை வேறாக இருந்தும் உலகத்தின் கணக்கு ஒன்றாக வரக்கூடும் என்பது ஐரோப்பாவுக்குப் பெரிய பாடம்.

மீன் கதை இன்னும் சுவையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடிப் பாதிரிமார்கள் இயற்கை சாஸ்திரத்தில் இறங்கிவிட்டார்கள். தாவர நூலறிஞர் லின்னேயுஸின் மாணாக்கரான வைத்தியர் கேனிக் 1768-இல் வந்து செடிகொடிகளைத் தேடினார்; ரோட்லர் என்னும் பாதிரியார் அதைத் தொடர்ந்து செய்தார்; கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்பவர் சங்கு சிப்பிகளையும் மீன்களையும் சேகரித்து, பெர்லின் நகரத்து வைத்தியரும் மீன் ஆராய்ச்சியாளருமான பிளாக் என்பவருக்கு அனுப்பினார். கரையில் வலை இழுத்த பட்டினவர்களே இந்த ஆராய்ச்சிக்கு ஆசிரியர்கள். இன்ன மீனுக்கு இன்ன பெயர், இன்ன பருவத்தில் வரும், இன்ன இடத்தில் முட்டையிடும் என்பதெல்லாம் அவர்கள் சொன்னவை. குளத்து மீன் ஒன்று பனைமரத்தில் ஏறும் என்று நம் ஊரில் சொல்லி, அதற்குப் பனையேறி என்றே பெயரும் வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ப் என்னும் டேனிய அதிகாரி, 1791-இல் அதைப் பனைமரத்தின் பிளவில் தம் கண்ணாலேயே கண்டதாகக் கூறிய செய்தி, 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. மீன் நீரில் வாழ்வது, பறவை வானில் பறப்பது என்று படைப்பின் முதல் வாரத்திலேயே வரையறுத்துவிட்டதாக நினைத்த உலகுக்கு, தரையில் நடந்து மரத்தில் தொற்றும் மீன் ஒரு சங்கடம்தான். ஐரோப்பிய அறிஞர்கள் அதை நெடுங்காலம் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். அது நீருக்கு வெளியே காற்றைச் சுவாசித்து உயிர் தரிக்கும் என்பதும், தரையில் ஊர்ந்து செல்லும் என்பதும் பின்னால் உறுதிப்பட்டன.

இனி மறுகரைக்கு வருவோம். நம் உலகம் எப்படி மாறியது?

சுவார்ட்ஸ் ஐயர் என்று தஞ்சை மக்கள் போற்றிய கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, திருச்சிராப்பள்ளியில் சில காலம் இருந்து, பிறகு தஞ்சையில் நிலைத்தார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1779-இல் ஹைதர் அலியிடம் தூது அனுப்புவதற்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தஞ்சை மன்னர் துளஜா 1787-இல் மரணப் படுக்கையில், தாம் சுவீகாரம் செய்துகொண்ட பத்து வயதுச் சரபோஜியை அவருடைய பாதுகாப்பில் விட்டார். அவரிடம் வளர்ந்த மற்றொரு பிள்ளை, பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதில் அவர் அழைத்துவந்த வேதநாயகம். அவர் பின்பு தரங்கம்பாடிக்குச் சென்று, ஜான் முதலியோரிடம் வான சாஸ்திரமும் கணிதமும் சரீர சாஸ்திரமும் பயின்றார். ஒருவர் சிவபக்தி மாறாத மராட்டிய அரசர். ஒருவர் தமிழ்க் கிறிஸ்தவப் புலவர். இருவர் கண்ணுக்கும் ஒரே புதிய உலகப் படம் காட்டப்பட்டது.

சரபோஜி 1798-இல் பட்டம் ஏறி, மறு ஆண்டே நாட்டின் ஆட்சியைக் கும்பினிக்குக் கொடுத்துவிட்டு, கோட்டையும் அரண்மனையும் மாத்திரம் உடையவரானார். ராஜ்யம் போன கையில் புத்தகம் வந்தது. அரண்மனை நூல்நிலையமாகிய சரஸ்வதி மகாலில் வடமொழி, தமிழ், மராட்டி, தெலுங்குச் சுவடிகளோடு ஐரோப்பிய மொழிகளின் நூல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. 1826-இல் அவரைச் சந்தித்த பிஷப் ஹீபர், லவாசியே, லின்னேயுஸ், பூபோன் ஆகியோரின் கருத்துக்களை அவர் சரளமாக எடுத்துரைப்பதைக் கேட்டு வியந்தார். அவருடைய வைத்தியசாலையாகிய தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளின் கண்களை வர்ணச் சித்திரமாக எழுதி, நோயின் வரலாறும் சிகிச்சையும் குறித்து வைத்தார்கள்; அந்த ஏடுகள் இன்றும் தஞ்சையில் இருக்கின்றன. ஐரோப்பிய வைத்தியமும் நாட்டு வைத்தியமும் அங்கே அக்கம்பக்கமாக நடந்தன. பரீட்சித்துப் பலன் கண்ட நாட்டு மருந்துகளையோ, நம் மரபின்படி, பாட்டாகப் பாடிவைத்தார்கள். சரபேந்திர வைத்திய முறைகள் என்று வழங்குவன அவையே. பரீட்சை புதியது, பாட்டுப் பழையது என்னும் இந்தச் சேர்க்கையை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிய பூகோளமும் இவ்வாறே வந்தது. குறவஞ்சி என்னும் நாடகத்தை அறியாத தமிழர் இல்லை. தலைவனைக் கண்டு காதலுற்றுத் தவிக்கும் தலைவியிடம், கூடையும் மாத்திரைக் கோலுமாகக் குறத்தி வருவாள். தன் மலைவளம் சொல்வாள், நாட்டுவளம் சொல்வாள், தான் திரிந்து வந்த ஊர்களையும் தலங்களையும் அடுக்குவாள். பிறகு கைபார்த்துக் குறி சொல்வாள். ஊர் ஊராகச் சுற்றுவது அவள் குலத்தொழில். ஆகவே, உலகத்தில் உள்ள இடங்களைச் சொல்லும் உரிமை நம் இலக்கியத்தில் வேறு எந்தப் பாத்திரத்தையும்விட அவளுக்கே உண்டு. 1800-ஐ ஒட்டி வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அதில் தலைவி சீயோன் குமாரி, குறத்தி விசுவாசம். அவள் வாயிலாகவே உலகத்துத் தேசங்களும் மலைகளும் நதிகளும் வந்து நிற்கின்றன, கோப்பர்னிக்கஸ் கண்ட சூரிய மண்டலமும் பாட்டுக்குள் நுழைகிறது. சரபோஜி மன்னரும் மராட்டி மொழியில் தேவேந்திர குறவஞ்சி என்னும் நாடகம் செய்தார். அங்கே தேவலோகத்து இந்திராணிக்கே குறத்தி பூகோளம் கற்பிக்கிறாள். கண்டங்களும் நாடுகளும் வரிசையாக வருகின்றன.

இதன் நுட்பத்தை நின்று கவனிக்க வேண்டும். ஏழு கடல்களும் பொய் என்று இருவரும் தர்க்கம் செய்து நிலைநாட்டப் புகவில்லை. மேருவை இடிக்க மண்வெட்டி எடுக்கவில்லை. குறத்தியின் பாட்டில் பொதிய மலையும் காவிரியும் இருந்த இடத்தில், அதே தாளத்தில், அதே மெட்டில், ஐரோப்பாவும் அமெரிக்காவும் வந்து அமர்ந்தன. கேட்டவர்களுக்குக் குறத்தி அந்நியள் அல்லள்; அவள் சொல்லும் செய்தி மாத்திரமே புதியது. சீகன்பால்கு மணலில் எழுதப் பழகியபோது அவருக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே: சரியை, கிரியை என்னும் நம் வகுப்பை அவர் தம் நூலுக்குச் சட்டகமாகக் கொண்டார், நாம் நம் குறவஞ்சியை அவர்கள் பூகோளத்துக்குச் சட்டகமாகக் கொடுத்தோம். வலியோர் எளியோர் என்னும் வேற்றுமை இந்தக் கொடுக்கல் வாங்கலில் இல்லாமல் இல்லை. பீரங்கி ஒரு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் பீரங்கியால் ஒரு பாட்டின் மெட்டை மாற்ற முடியாது. பாடுகிறவர் மனம் வைத்தால்தான் அதில் புதிய பொருள் ஏறும்.

ஏறிய பொருள் எங்கும் பரவியதா என்றால், இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் தேவதாசியர் ஆடிவந்தது அரசரே இயற்றிய பூகோள நாடகம் அன்று. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவர்மேல் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியே. அது பழைய மரபில் வந்தது. அரசன் பவனி வருகிறான், பெண் மயங்குகிறாள், குறத்தி குறி சொல்கிறாள். கோயிலில் பழைய குறத்தியும் பள்ளிக்கூடத்தில் புதிய குறத்தியும் ஒரே அரசருடைய ஆதரவில், ஒரே ஊரில், முரண்படாமல் வாழ்ந்தார்கள். புராணத்துக்கு ஒரு பூமியும் பஞ்சாங்கத்துக்கு ஒரு பூமியும் வைத்திருந்த மக்களுக்கு இது புதிதும் அன்று.

வேதநாயக சாஸ்திரியார் விஷயத்தில் நேர்ந்தது இதைவிடக் கடினமானது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சூரியனை நடுவில் வைத்துப் பூமியைச் சுழலவிட்ட அவருடைய பாட்டைப் பாடிய அதே சபைகளில், திருவிருந்தின் போதும் ஆராதனையின் போதும் வேளாளக் கிறிஸ்தவர் ஒரு புறமும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் மறுபுறமுமாகத் தனித்தனிப் பாய்களிலேயே அமர்ந்திருந்தார்கள். சுவார்ட்ஸ் முதலிய பழைய ஐயர்மார் இதைக் கண்டும் மெல்லப் போகட்டும் என்று பொறுத்திருந்தார்கள். 1820-களில் வந்த புதிய மிஷனரிகள் அந்தப் பிரிவினையை அகற்ற முற்பட்டபோது, அதைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர்களில் முதன்மையானவர் சாஸ்திரியாரே. புதியவர்கள் தமிழ்க் கீர்த்தனைகளையும் பூவையும் நம் நாட்டு வழக்கங்களையும் ஆராதனையிலிருந்து விலக்க நினைத்ததையும், பழகிவந்த வேத மொழிபெயர்ப்பை மாற்றியதையும் அவர் எதிர்த்தார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயமான எதிர்ப்போடு ஜாதிப் பிரிவினையைக் காக்கும் எதிர்ப்பையும் ஒரே முடிச்சில் அவர் கட்டிவிட்டார். எத்தனையோ கோடி காதம் அப்பால் உள்ள சூரியனை அதன் இடத்தை விட்டுப் பெயர்த்துவைக்க முடிந்த அறிவுக்கு, இரண்டு முழ அகலமுள்ள பாயைப் பெயர்த்துப் போட முடியாமற்போனது எதனால் என்று நான் பலகாலும் எண்ணியிருக்கிறேன். வானம் எப்படி இருந்தாலும் மறுநாள் வீட்டில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாறப் போவதில்லை. பாய் மாறினால் எல்லாம் மாறும். அந்நியரோடு பழகிப் பெறும் அறிவு, இழப்பதற்கு ஏதும் இல்லாத இடத்தில் விரைவாகவும், இழக்க வேண்டியிருக்கும் இடத்தில் தயங்கித் தயங்கியும் நுழைகிறது.

1829-ஐ ஒட்டி இந்தப் பூசல் முற்றி, சாஸ்திரியார் மிஷன் பணியை இழந்தார். அப்போது அவருக்கு ஆதரவு தந்தவர், இளமையில் ஒரே ஆசிரியரிடம் பயின்ற சரபோஜி மன்னரே. மன்னர் 1832-இல் காலமானார். 1845-இல் டேனியர், தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கும்பினியாரிடம் விற்றுவிட்டுத் தம் நாடு சென்றார்கள். சாஸ்திரியார் 1864 வரை வாழ்ந்து, மேலும் மேலும் பாடிக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டுக்கள் ஜெபமாலைகளாகவும் கீர்த்தனைகளாகவும் தென்னாட்டுச் சபைகள் எங்கும் பரவின. யார் எந்தப் பாயில் உட்காருவது என்னும் வழக்கு அவருக்குப் பின்னும் அச்சபைகளில் ஓயவில்லை.